லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்)

மார்ச் 9, திங்கள்

தூக்கமில்லை. ஜெபத்தில் என் தோழியிடம் மட்டும் சொன்னது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அவள்தான் சொல்லியிருக்கிறாள். என்னோடு முழங்காலில் நின்றவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

சங்கீதம் 55. சத்துரு நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன் என்கிறான் தாவீது. "எனக்குச் சமமான மனுஷனும், என் வழிகாட்டியும், என் தோழனுமாகிய நீயே அவன்." சேர்ந்து தேவாலயத்துக்குப் போனோமே என்கிறான் அடுத்தபடியாக. அங்கேயே நின்றுவிட்டேன். அதற்கும் அடுத்த வசனம், அவர்கள் உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்பது. இதையும் ஜெபமாகவே வேதத்தில் வைத்திருக்கிறார் கர்த்தர். இன்று என் வாயில் வருவதும் அதுதான். அவரிடம் சொல்லிவிட்டேன், ஊராரிடம் சொல்லவில்லை.

"கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்ற 22ஆம் வசனம் இதே சங்கீதத்தில்தான் வருகிறது. ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடம். கூட இருந்தவனால் காட்டிக்கொடுக்கப்பட்டவன் சொன்னது அது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மார்ச் 12, வியாழன்

அவளுக்கு எழுதுவதும் அழிப்பதுமாகவே பொழுது போனது. அனுப்பவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எனக்கு முன்வரிசையில் இருந்தாள். பாடினாள். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் ஆயரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "விட்டுடும்மா, பெரிசு பண்ணாதே. மன்னிச்சிடு" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் பெரிசு பண்ணாதே என்று ஆண்டவர் சொல்லவில்லையே. "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறார் லூக்கா 17இல். ஒரே நாளில் ஏழுதரம் வந்தாலும் மன்னி என்கிறார். அதைக் கேட்டவுடன்தான் அப்போஸ்தலர்கள், எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும் என்று கேட்கிறார்கள். பிசாசுகளைத் துரத்தப் போனபோது கேட்காதவர்கள், மன்னிக்கச் சொன்னதும் கேட்டார்கள். எனக்கும் அதே விண்ணப்பம்தான், ஆண்டவரே.

மார்ச் 16, திங்கள்

ஏன் சொன்னாள்?

மார்ச் 20, வெள்ளி

யோவான் 13ஐ விட்டு நகர முடியவில்லை. இயேசு பன்னிரு சீஷரின் கால்களையும் கழுவுகிறார். யூதாஸ் எழுந்து போவது 30ஆம் வசனத்தில்தான். ஆக, அவனுடைய கால்களையும் கழுவியிருக்கிறார், அவன் செய்யப்போவது தெரிந்தே. அந்தக் கால்கள் அங்கிருந்து எங்கே போகும் என்று தெரிந்தே.

பிறகு 21ஆம் வசனம்: ஆவியிலே கலங்கினார். அவரே கலங்கியிருக்கிறார். இரண்டு வாரமாக என்னைக் குத்திக்கொண்டிருந்த கேள்வி அதோடு தணிந்தது. வலிக்கிறது என்பதால் நான் கீழ்ப்படியவில்லை என்று ஆகிவிடாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று பந்தியிலேயே சொல்கிறார்.

கீழ்ப்படிதல் என்ற பேரில் எத்தனை பேர் வாயை, அதிலும் பெண்கள் வாயை, அடைத்திருக்கிறார்கள்! யூதாசுக்கா அவர் பணிந்தார்? பிதாவுக்குப் பணிந்தார். பிரதான ஆசாரியனின் சேவகன் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, கேட்காமலும் விடவில்லை. பேதுரு எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்: "நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்." வழக்கு தள்ளுபடி ஆகவில்லை. நீதிபதியின் கைக்குப் போயிருக்கிறது. அங்கே நான் சாட்சி மட்டும்தான். தீர்ப்பு எழுதும் வேலை எனக்கில்லை.

இன்று இதை எழுதும்போது மனசு லேசாக இருக்கிறது. நாளை எப்படியோ.

மார்ச் 22, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. யாரும் ஏன் என்று கேட்க வேண்டாம்.

மார்ச் 26, வியாழன்

போய்விட்டு வந்தேன். மத்தேயு 18இல் சொன்னபடியே, தனித்திருக்கையில். கோபப்படாமல் பேசினேன், குரல் மட்டும் நடுங்கிற்று. "உனக்காக அவங்களும் ஜெபிக்கட்டும்னுதான் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. நீ செய்தது துரோகம் என்றேன். தலை குனிந்தாள். அது வருத்தமா, சங்கடமா, எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஜெபிக்கட்டும் என்றாளாம்!

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

காலையில் அவள் பேரைச் சொல்லி, இந்தக் கடனை நான் இனிக் கேட்கமாட்டேன் என்று ஆண்டவரிடம் சொன்னேன். அழுதேன். மத்தியானம் மறுபடி கொதித்தது. மறுபடி சொன்னேன். ஏழெழுபது தரம் என்று அவர் சொன்னது இந்த ஒரே குற்றத்துக்கே செலவாகிவிடும் போலிருக்கிறது.

மார்ச் 31, செவ்வாய்

2 தீமோத்தேயு 4. தன்னைக் கைவிட்டவர்களைக் குறித்து, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார் பவுல். அதே அதிகாரத்தில், தனக்குத் தீமை செய்த கன்னானாகிய அலெக்சந்தரிடம் எச்சரிக்கையாயிரு என்றும் சொல்லிவைக்கிறார். இரண்டையும் ஒரே கைதான் எழுதியது. அதனால் அவளிடம் இனி என் உள்ளத்தைத் திறக்காமல் இருப்பதைப் பழிவாங்கல் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்கு நல்லது நடக்க வேண்டும். உண்மையாகவே வேண்டும்.

ஏப்ரல் 1, புதன்

நாளை பெரிய வியாழன், திருவிருந்து. "தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து" என்று ஆயர் வாசிப்பார். இத்தனை வருஷம் அந்த வார்த்தைகளைத் தாண்டி அப்பத்துக்கே ஓடியிருக்கிறேன்.

அவளும் வருவாள். பக்கத்தில் முழங்காலிட நேர்ந்தால் எழுந்து போகமாட்டேன். அதற்குமேல் என்னால் என்ன முடியும் என்று தெரியவில்லை.