சாத்திய ஜன்னல்களும் அடங்காத ஒலியும்

கோத்தகிரியிலும் குன்னூரிலும் கல்யாண மண்டபங்களில் சொற்பொழிவு விளங்காமல் போனால் மைக் செட்காரரைக் குறை சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று. டைல்ஸ் தரையிலும், வழவழப்பாகப் பூசிய சுவரிலும், குளிருக்காக நாம் இறுகச் சாத்திவைக்கும் ஜன்னல்களிலும்தான் அது இருக்கிறது.

1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை அரங்கைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்ற இயற்பியலாளர் வாலஸ் செபைன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயின் ஒலி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மூல ஒலி நின்ற பிறகும் அறைக்குள் மோதித் திரும்பி நீடிக்கும் ஒலியே எதிர்முழக்கம்; அறையின் கன அளவுக்கேற்ப அது நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கேற்பக் குறுகும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. உறிஞ்சுதலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த ஜன்னல் என்பது மலைவாசிகளான நாம் கவனிக்க வேண்டிய செய்தி; ஏனெனில் அதன் வழியே வெளியேறும் ஒலி அறைக்குள் திரும்புவதில்லை.

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள ஒரு மண்டபத்தின் பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் சராசரியாக 5 விழுக்காட்டை மட்டுமே உறிஞ்சுவதாகக் கொண்டால், ஒலி 60 டெசிபல் தணிய, அதாவது ஏறக்குறையக் கேட்காத அளவுக்கு அடங்க, ஏறத்தாழ நாலரை விநாடி ஆகும். 20 சதுர மீட்டர் அளவுக்கு ஜன்னல்களைத் திறந்தால் அது மூன்று விநாடிக்குச் சற்றுக் கீழே இறங்கும். கம்பளிச் சால்வையும் ஸ்வெட்டருமாகக் கூட்டம் நிரம்பிவிட்டால் இன்னும் வெகுவாகக் குறையும்; ஆகவே காலி மண்டபத்தில் சரிபார்த்த ஒலியமைப்பு மாலையில் வேறுவிதமாகக் கேட்பதில் வியப்பில்லை.

பேச்சுக்கு ஒரு விநாடியை ஒட்டிய அளவே நல்லது. உயிரொலி வலுவானது, மெய்யொலி மெலிந்தது; முந்தைய அசையின் முழக்கம் அடங்குமுன் வரும் ககரமும் தகரமும் அதில் மூழ்கிவிடுகின்றன. ஒலியைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடுவதால் பயனில்லை. மெதுவாக நகரும் தேவாலயப் பாடல்களுக்கோ அந்த நீட்சிதான் அழகு. செபைனின் ஆலோசனையோடு கட்டப்பட்டு 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கில், ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் இரண்டு விநாடிக்குச் சற்றே குறைவாக எதிர்முழக்கம் நிற்கிறது. அதே அளவு மிருதங்கத்தின் துரித காலச் சொற்களைக் குழப்பிவிடும் என்றே நான் கருதுகிறேன். திறந்த வெளிக்கும் கோயில் வீதிக்கும் உரிய நாதஸ்வரமும் தவிலும் சாத்திய மண்டபத்தில் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கனத்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டால் மேல்சுருதி ஒலிகள் கட்டுப்படும். தவிலின் அடித்தொனிக்கு அது போதாது. அதற்கு, பின்னால் காற்று இடைவெளி விட்டு அடித்த மெல்லிய மரப்பலகைகள் உதவும். புதிய ஸ்பீக்கர் வாங்க ஒதுக்கிய பணத்தை மண்டபப் பொறுப்பாளர்கள் முதலில் கூரைக்கடியிலும் பின்சுவரிலும் செலவிட வேண்டும்.