மாடிப்படிச் சுவருக்குள் டிவி

ராத்திரி தூக்கம் வராமல் லெவிட்டவுன் என்ற அமெரிக்கப் புறநகர் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்குக்குப் பக்கத்தில், லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலம். 1947-இல் லெவிட் கம்பெனி அங்கே வீடு கட்ட இறங்கியது. மொத்த வேலையையும் இருபத்தாறு, இருபத்தேழு கட்டமாகப் பிரித்தார்கள். பெயின்ட் அடிக்கிற கோஷ்டிக்குப் பெயின்ட் மட்டும்தான் வேலை. கார் தொழிற்சாலையில் கார் நகரும். இங்கே ஆட்கள் வீடுவீடாக நகர்ந்தார்கள். வேகம் பிடித்தபோது ஒரு நாளைக்கு 30 வீடு!

1949 மாடல் 7,990 டாலர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன், கையிலிருந்து முன்பணம்கூட வேண்டாம். வாஷிங் மெஷின் வீட்டோடு வந்துவிடும். 1950 மாடலில் மாடிப்படிச் சுவருக்குள்ளேயே டிவியைப் பதித்துக் கொடுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் இதுதான். அப்போது அமெரிக்காவில் ஏறக்குறைய பத்தில் ஒரு வீட்டில்தான் டிவி. 1960-இல் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வீட்டில். நடுவில் டிவி டின்னர் வேறு வந்துவிட்டது. அலுமினியத் தட்டில் குழிகுழியாக வான்கோழிக் கறி, பட்டாணி, சர்க்கரைவள்ளி. ஓவன் அடுப்பில் சூடு பண்ணி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, விதிகளும் இருந்தன. வேலி போடக் கூடாது, வாரக் கடைசியில் துணி காயப்போடக் கூடாது. ஆரம்ப ஒப்பந்தத்தில் இன்னொன்று: வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் என்றால் மட்டும் பரவாயில்லை. அதே போரில் கறுப்பினச் சிப்பாய்களும்தானே சண்டை போட்டார்கள்? இந்த மாதிரி நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனி அந்த வரியை எடுத்துவிட்டது. அப்புறமும் கறுப்பினக் குடும்பங்களுக்கு வீடு விற்கவில்லை.