பிங்கம்டன்: ஒரு ராட்டினத்துக்காக நாலு மணி நேரம் பஸ்ஸில்

முதலில் பஸ்காரனைத் திட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் கட்டுரை முழுக்க அந்தக் கடுப்பு வழிந்துகொண்டே இருக்கும். நியூயார்க் போர்ட் அத்தாரிட்டி பஸ் நிலையத்தில் காலையில் பிங்கம்டனுக்குக் கிளம்பவேண்டிய வண்டி ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ஏன் என்று சொல்ல ஆளில்லை. போன் சார்ஜ் போடும் இடத்தில் கரண்ட் வரவில்லை. எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை, கழிவறையை ஒட்டிய சீட். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் பிடிக்காது. பென்சில்வேனியா மலைப்பாதையில் வண்டி வளையும்போதெல்லாம் கதவு திறந்துகொண்டு வந்து என் முழங்கையில் இடிக்கும். நான் சாத்துவேன். அடுத்த வளைவில் மறுபடியும் இடிக்கும். வெளியே ஜூலை வெயில், உள்ளே ஏசியை ஊட்டி டிசம்பர் மாதிரி வைத்திருந்தார்கள். இதற்குப் போகவர 88 டாலர். ரூபாயில் கணக்குப் போடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், முடியவில்லை.

நியூஜெர்சி எடிசனில் இருக்கும் மாமா பையன் முதல் நாளே சொல்லிப் பார்த்தான். "நயாகராவுக்குப் போ மச்சான், பாஸ்டனுக்குப் போ. ராட்டினம் பார்க்க யாராவது பிங்கம்டனுக்குப் போவாங்களா?" அவனுக்கு ராட் செர்லிங் யாரென்று தெரியாது. தெரிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டான்.

தெரியாதவர்களுக்கு: 'ட்விலைட் ஸோன்' என்று ஒரு பழைய அமெரிக்கத் தொடர். 1959 அக்டோபர் 2-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஆரம்பித்து 1964 ஜூனில் முடிந்தது. மொத்தம் 156 பாகங்கள், ஒவ்வொன்றும் தனிக்கதை, பெரும்பாலும் அரை மணி நேரம். பேய், விண்வெளி, காலப் பயணம், மனப்பிராந்தி என்று எது வேண்டுமானாலும் வரும். அந்த 156-ல் 92 கதைகளுக்குத் திரைக்கதை எழுதியவர் செர்லிங். ஒவ்வொரு கதையின் முன்னும் பின்னும் வந்து பேசுவதும் அவர்தான். அவர் பிறந்தது சிரகியூஸ், 1924 கிறிஸ்துமஸ் அன்று. வளர்ந்தது முழுக்க அதே நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் இந்த பிங்கம்டன். ஊரடங்கு காலத்தில் நான் இரவு இரவாக உட்கார்ந்து இந்தத் தொடரைப் பார்த்தவன். இந்த ஊர்ப் பூங்காவையும் ராட்டினத்தையும் மனதில் வைத்து அவர் எழுதிய ஒரு கதைக்காகத்தான் கிளம்பினேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று வரிசையாகத்தான் எழுத நினைத்தேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்ப்போம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தத் தொடரில் 1960-ல் வந்த 'மிரர் இமேஜ்' பாகம். இத்தாக்கா பஸ் நிலையத்தில் ராத்திரி நேரத்தில் ஒரு பெண் தனியாகக் காத்திருக்கிறாள். பஸ் எப்போது வரும் என்று கவுண்டரில் கேட்டால், "எத்தனை தடவைம்மா இதையே கேட்பே?" என்று அந்த ஆள் எரிந்து விழுகிறான். அவள் கேட்பதோ அப்போதுதான். அப்புறம் தெரிகிறது, அவளைப் போலவே இன்னொருத்தி அங்கே நடமாடுகிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வரும் இளைஞன் பிங்கம்டன்காரன். 'அஸ்' என்ற திகில் படத்துக்கு இந்தக் கதைதான் விதை என்று இயக்குநர் ஜோர்டன் பீல் சொல்லியிருக்கிறார். இங்கே கவுண்டரில் இருந்த அம்மா எரிந்து விழவில்லை, நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பிங்கம்டன் பஸ் நிலையத்தின் முகப்பு அழகு. 1938-ல் கட்டிய பழைய முகப்பை இடிக்காமல் வைத்து, பின்னால் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். அதை ரசித்துக்கொண்டு நின்றதுதான் வாய்ப்பாகப் போய்விட்டது, டாக்சி டிரைவர் ஒருவர் என் பையைத் தூக்கிவிட்டார். ராட்டினம் இருக்கும் ரெக்ரியேஷன் பார்க்குக்குப் போகணும் என்றேன். மீட்டரைக் காட்டினால், "மீட்டர் வேலை செய்யாது, 25 டாலர்" என்றார். ரொம்ப தூரமா என்று கேட்டேன். "ஏறுங்க" என்றார். செனாங்கோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மெயின் ஸ்ட்ரீட்டில் நேராகப் போய், ஒரு திருப்பம். அவ்வளவுதான். பாட்டு ஒன்றரைகூட முடியவில்லை, பார்க் வந்துவிட்டது. இரண்டு மைல் இருக்கும். இறங்கும்போது சில்லறை இல்லை என்று வேறு தலையைச் சொறிந்தார். நான் சில்லறை வைத்திருந்தேன், எண்ணிக் கொடுத்தேன், டிப்ஸ் தரவில்லை. அமெரிக்காவில் டிப்ஸ் தராமல் இறங்குவது எவ்வளவு சந்தோஷமான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பும்போது முழு வழியும் நடந்தே வந்தேன். நீங்களும் நடங்கள்.

சரி, ராட்டினம். நம் ஊர்த் திருவிழாக் குடை ராட்டினம்தான், ஆனால் பெரியது. 1925-ல் வைத்தது. வரிசைக்கு நாலாக 60 மரக்குதிரைகள், எல்லாம் ஏறி இறங்கும் ரகம். இந்த வட்டாரத்தில் இப்படி ஆறு ராட்டினங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கி வைத்தவர் ஜார்ஜ் எஃப். ஜான்சன் என்ற செருப்புக் கம்பெனி முதலாளி. எண்டிகாட் ஜான்சன் என்றால் அந்தக் காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கே அவர்களுடைய தொழிற்சாலைதான். சின்ன வயதில் ராட்டினம் ஏறக் காசில்லாமல் நின்று வேடிக்கை பார்த்தவராம். அதனால் கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்: யாரிடமும் கட்டணம் வாங்கக்கூடாது. இன்றுவரை வாங்குவதில்லை. ராஸ் பார்க்கில் இருக்கும் ராட்டினத்துக்கு மட்டும் ஒரு குப்பைத் துண்டு பொறுக்கிக் கொடுத்தால் அதுதான் டிக்கெட் என்று வழக்கம். அமெரிக்காவில் நான் ஓசியில் அனுபவித்த ஒரே பொருள் இதுதான், அதனால் இறங்கி இறங்கி மறுபடியும் ஏறினேன்.

பள்ளிக்கூடப் பையன் வயதில் ஒருவன் பெல்ட்டைச் சரிபார்த்துவிட்டு மணி அடித்தான். என் குதிரை சாம்பல் நிறம். பிடரியில் பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி, செதுக்கின மயிர்க்கோடுகள் மழுங்கிப் போயிருந்தன. காதோரம் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழுவழு. நடுவில் வுர்லிட்சர் கம்பெனியின் பழைய ஆர்கன் ஒன்று பித்தளை மணியோடு சேர்ந்து அலறுகிறது. ராட்டினத்தின் பலகைகளில் 'ட்விலைட் ஸோன்' காட்சிகளை வரைந்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்துக் குதிரையில் இருந்த பொடியனுக்கு அந்தப் படங்கள் மேல் கண்ணே போகவில்லை. அவன் அம்மாவும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதற்காகத்தான் வந்தேன் என்று சொன்னேனே, அந்தக் கதை 'வாக்கிங் டிஸ்டன்ஸ்'. 1959 அக்டோபர் 30-ல், தொடரின் ஐந்தாவது பாகமாக வந்தது. நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனியில் வெந்து நொந்துபோன 36 வயது மார்ட்டின் ஸ்லோன், வழியில் காரை ரிப்பேருக்கு விட்டுவிட்டுத் தான் வளர்ந்த ஊருக்கு நடந்து போகிறான். ஊர் அப்படியே இருக்கிறது. ஐஸ்கிரீம் விலைகூட மாறவில்லை. செத்துப்போன அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார்கள். பூங்காவின் பாண்டு மேடைத் தூணில் ஒரு பையன் பெயரைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் இவனேதான். இவன் துரத்தப் போய், பையன் ராட்டினத்திலிருந்து விழுந்து கால் முறிகிறது. பெரியவனும் அந்த நொடியிலிருந்து நொண்டுகிறான். கடைசியில் அப்பா வந்து, இது அந்தப் பையனுடைய கோடை, உனக்கு இங்கே இடமில்லை, கிளம்பு என்கிறார்.

இதில் பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. ஆனால் வெளியூரில் வேலை பார்க்கிற எவனாலும் இதை ராத்திரி தனியாகப் பார்க்க முடியாது. எல்லோரும் 'ட்விலைட் ஸோன்' என்றால் விமானத்தின் இறக்கை மேல் குரங்கு மாதிரி ஒரு ஜந்து உட்கார்ந்திருக்க, உள்ளே வில்லியம் ஷாட்னர் அலறுவாரே, அதைத்தான் சொல்வார்கள். என் கணக்கில் அது இரண்டாம் தரம். முதல் தரம் இந்த ராட்டினம்தான்.

படப்பிடிப்பு நடந்தது இங்கே அல்ல, கலிபோர்னியாவில் எம்ஜிஎம் ஸ்டூடியோ வளாகத்தில். ஆனால் எழுதியவர் மனதில் இருந்தது இந்தப் பூங்கா. பாண்டு மேடையின் தரையில் செர்லிங் பெயரையும் கதையின் பெயரையும் போட்டு ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள். 2024-ல் சிலையும் வைத்துவிட்டார்கள். சிலை முன்னால் படமெடுத்துக்கொள்ள வரிசை இருந்தது, பட்டயத்தை மிதித்துக்கொண்டு போனார்கள். அவர் வளர்ந்த பென்னட் அவென்யூ வீடு இங்கிருந்து நடக்கிற தூரம். இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துத் தொலைக்காதீர்கள்.

அப்பா செத்தது கதையில் மட்டுமல்ல. செர்லிங் 1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ராணுவத்தில் சேர்ந்து, பாராசூட் படையில் பிலிப்பைன்ஸ் போனவர். லெய்ட்டே தீவில், விமானத்திலிருந்து போட்ட உணவுப் பெட்டி ஒன்று நண்பன் மேல் விழுந்து, கண் முன்னாலேயே அவன் செத்தான். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன். எந்த எதிரியும் சுடவில்லை, சோற்றுப் பெட்டி கொன்றது. அவர் அங்கே இருந்தபோதே ஊரில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். வரமுடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் அந்த 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' அப்பாவைப் பாருங்கள்.

பசி. இந்த ஊரின் ஸ்பீடி என்ற சுட்ட கறியைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் பாவம் சேரும். இத்தாலியிலிருந்து வந்தவர்கள் பக்கத்து ஊரான எண்டிகாட்டில் ஆரம்பித்தது. கறித்துண்டுகளை எண்ணெய், வினிகர், பூண்டு, புதினா, மூலிகைகளில் ஊறப்போட்டு, கம்பியில் குத்திக் கரியில் சுடுகிறார்கள். முன்பெல்லாம் ஆட்டுக்கறி, இப்போது கோழியும் பன்றியும்தான் அதிகம். நீள ரொட்டியைக் கையில் விரித்துக் கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பில் கறியை உருவி அப்படியே கொடுத்தார் கடைக்காரர். சாஸ் கேட்டேன். வேண்டாம், அப்படியே சாப்பிடுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. ஓரம் கருகி, உள்ளே புளிப்பு இறங்கி, ரொட்டியின் அடியில் சாறு ஊறி... இன்னொன்று வாங்கினேன். இரண்டும் சேர்த்து, டாக்சிக்காரர் பிடுங்கியதைவிடக் குறைவு! பச்சைமிளகாய் இல்லாத குறை ஒன்றுதான்.

மெயின் ஸ்ட்ரீட்டில் பண்டி மியூசியம். வேலைக்கு வந்த நேரத்தைப் பதிக்கும் கடிகாரம் விற்றுப் பணக்காரரான பண்டி குடும்பத்தின் வீடு. 1889-ல் இந்த ஊரில் ஆரம்பித்த அந்தக் கம்பெனிதான் பின்னாளில் ஐபிஎம் ஆன கூட்டத்தில் ஒன்று. அங்கே செர்லிங்குக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பிடித்துப்போனது ஒரு விஷயம்: இந்தத் தொடரின் பாதி அழகு காசில்லாமல் வந்தது. கதை சொல்ல யோசித்த ஆட்களில் ஒருவர் நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ். அவர் கேட்ட சம்பளம் கட்டவில்லை, செர்லிங் தானே பேசிவிட்டார். அந்தக் கரகரத்த குரல் இல்லாத தொடரை இப்போது நினைத்துப் பார்க்க முடியுமா? எம்ஜிஎம்மில் 'ஃபர்பிட்டன் பிளானட்' படத்துக்குச் செய்த பறக்கும் தட்டையும் ரோபோவையும் எடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கடைசி வருடம், கான் விழாவில் பரிசு வாங்கிய ஒரு பிரெஞ்சுக் குறும்படத்தை விலைக்கு வாங்கி, முன்னும் பின்னும் செர்லிங் பேசி, ஒரு பாகமாக ஒளிபரப்பினார்கள். அந்தப் படம் அதே வருடம் ஆஸ்கரும் வாங்கியது. சிக்கனம் கவிழ்ந்ததும் உண்டு. இரண்டாவது சீசனில் ஆறு பாகங்களை ஃபிலிமுக்குப் பதில் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். பார்க்கச் சகிக்காது.

விளம்பரதாரர் கூத்து தனி. 'ஜட்ஜ்மென்ட் நைட்' கதை நடப்பது பிரிட்டிஷ் கப்பலில். அதில் மாலுமி டீ கேட்கக்கூடாது என்றுவிட்டார்கள், ஏனென்றால் ஸ்பான்சர் காபிக் கம்பெனி. இதுவாவது சிரிப்பு. 1955-ல் மிசிசிப்பியில் எம்மட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவனைக் கொன்றதை வைத்து செர்லிங் எழுதிய நாடகத்தை, தென்மாநில வியாபாரம் கெடும் என்று பயந்து, ஊரையும் ஆட்களையும் மாற்றிச் சிதைத்தார்கள். நேராகச் சொன்னால் வெட்டுகிறார்கள், வேற்றுக்கிரகவாசியை வைத்துச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டது இதற்கப்புறம்தான்.

அப்புறம் செர்லிங் முன்னின்று வழங்கிய 'நைட் கேலரி'தான் அசல் திகில் தொடர். ஒவ்வொரு கதைக்கும் ஒரு ஓவியம். 1969-ல் வந்த அதன் முன்னோட்டப் படத்தில் ஒரு கதையை இயக்கியவர் 22 வயது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், நடித்தவர் ஜோன் கிராஃபோர்ட். பார்வையில்லாத பணக்காரி சில மணி நேரப் பார்வையை விலைக்கு வாங்குகிறாள், கண் கட்டைப் பிரிக்கும் நேரத்தில் நியூயார்க் முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. பிரமாதம். ஆனால் இந்தத் தொடரில் செர்லிங்குக்கு அதிகாரம் இல்லை, முகம் மட்டும் அவருடையது. 1973-ல் முடிந்தது. 1975-ல் இதய அறுவைசிகிச்சைக்குப் பிறகு இறந்தார், வயது 50.

கார் வைத்திருப்பவர்கள் வடக்கே கயூகா ஏரிப் பக்கம் போகலாம். செர்லிங் குடும்பத்தின் கோடை வீடு இருந்தது அங்கேதான், தயாரிப்புக் கம்பெனிக்கு கயூகா புரொடக்‌ஷன்ஸ் என்று வைத்தது அதனால்தான். அவர் கல்லறையும் அந்தப் பக்கத்தில், இன்டர்லேக்கன் என்ற ஊரில். பஸ்ஸை நம்பிப் போக முடியாது. தங்க மோட்டல் வரியோடு நூறு டாலருக்கு மேல் ஆனது, காலை உணவு இலவசம் என்பது ஒரு வாஃபிள். இன்னொன்று: திகில் தொடராச்சே, அக்டோபரில் போனால் பொருத்தமாக இருக்குமே என்று கிளம்பிவிடாதீர்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரைதான் ராட்டினம் சுற்றும், அப்புறம் பூட்டிவிடுவார்கள்.