சுவரில் ஒட்டிய சிவப்புக் கூட்டல் குறி

மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பின்புறம் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில், கூரை மூலையிலிருந்து கதவு நிலையை நோக்கி இறங்கும் பழைய விரிசல் ஒன்று உண்டு. மெட்ரோ சுரங்கம் தோண்டும் இயந்திரம் எங்கள் பகுதியை நெருங்குவதற்கு முன்பு, ஓர் இளம் பொறியாளர் வந்து அந்த விரிசலின் குறுக்கே இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிவிட்டுப் போனார். விரிசலின் இடப்பக்கம் ஒட்டிய தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள் இருந்தன. அதன் மேல் படியுமாறு வலப்பக்கம் ஒட்டிய தகட்டில் ஒரு சிவப்புக் கூட்டல் குறி இருந்தது. சுவர் அசைந்தால் குறி கட்டங்களின் மேல் நகரும். வீடு இடிந்துவிடுமோ என்று என் தாயார் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "மேலே ஒன்றுமே தெரியக் கூடாதும்மா. தெரிந்தால்தான் எங்களுக்குக் கவலை."

சிவில் பொறியியல் படித்தவன் என்றாலும், அந்த ஒரு வாக்கியத்துக்குள் இந்த இயந்திரத்தின் முழு வேலையும் அடங்கியிருப்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மண்ணை வெட்டுவது இதில் எளிய பகுதி. வெட்டிய இடத்தில் மண் சரியாமல் நொடிக்கு நொடி தாங்கிப் பிடித்துக்கொண்டே முன்னேறுவதுதான் கடினம்.

சென்னையின் நிலத்தடி மண்ணுக்குப் பயன்படுபவை பெரும்பாலும் மண் அழுத்தத்தைச் சமன்படுத்தும் வகை இயந்திரங்கள். வெட்டுத் தலை நிமிடத்துக்கு ஓரிரு சுற்று என்ற நிதானத்தில் சுழன்று வெட்டும் மண், அதன் பின்னாலுள்ள மூடிய அறைக்குள் வந்து நிரம்புகிறது. அந்த மண்ணை உடனே வெளியேற்றிவிடுவதில்லை. நுரையும் நீரும் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்து, அறை எப்போதும் நிறைந்திருக்குமாறு வைத்துக்கொண்டு, திருகு போன்ற ஒரு நீண்ட ஸ்குரூ கன்வேயர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறார்கள். இயந்திரம் முன்னே தள்ளும் வேகமும் திருகு மண்ணை எடுக்கும் வேகமும் இசைந்திருக்கும் வரை, எதிரே இருக்கும் பூமியின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தம் அறைக்குள் நிற்கும். கடற்கரைக்கு அருகே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், 20 மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் மட்டுமே ஏறத்தாழ 2 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல இரு மடங்கு, இருக்கும் என்று கணக்கிடலாம். மண்ணின் சுமை அதற்கு மேல்.

திருகு வேகமாகச் சுற்றினால் என்ன ஆகும்? ஆறரை மீட்டர் விட்டமுள்ள இயந்திரம் ஒரு மீட்டர் முன்னேறினால், நிலத்திலிருந்து சுமார் 33 கன மீட்டர் மண்தான் குறைய வேண்டும். வெளியே வந்த மண் இளகித் தளர்ந்திருப்பதால் அளவு கூடித் தெரியும். அதனால் எடையையும் பார்க்கிறார்கள். கணக்குக்கு மேல் மண் வந்திருந்தால், மேலே எங்கோ ஒரு வெற்றிடம் உருவாகியிருக்கலாம் என்று பொருள். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே சாலை திடீரென உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கியதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கீழே மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த காலம் அது. பேருந்தில் இருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகு, எங்கள் சுவரில் ஒட்டிய தகடு எனக்குச் சடங்காகத் தோன்றவே இல்லை.

வெட்டியாயிற்று, இனிக் குழாய் வேண்டும். இயந்திரத்தின் எஃகுக் கூட்டுக்குள்ளேயே, முன்பே வார்த்துக் கொண்டுவந்த வளைந்த கான்கிரீட் துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரு முழு வளையமாகப் பூட்டுகிறார்கள். கடைசியாகச் செருகப்படும் ஆப்பு வடிவச் சிறு துண்டுதான் வளையத்தை இறுக்குகிறது. பிறகு அந்த வளையத்தின் விளிம்பிலேயே ஹைட்ராலிக் ஜாக்கிகள் முட்டுக்கொடுத்து இயந்திரத்தை முன்னே தள்ளுகின்றன. நேற்று கட்டியதை உதைத்துத்தான் இன்று நகர்கிறது. வளையத்துக்கும் வெட்டப்பட்ட மண்ணுக்கும் இடையே மிஞ்சும் ஒரு சாண் இடைவெளியை, இயந்திரம் நகர நகர, வால் பகுதியிலிருந்து கிரவுட் எனப்படும் இறுகும் கலவையைச் செலுத்தி நிரப்ப வேண்டும். அது தாமதமானால் அந்தச் சாண் அளவு பள்ளம் மெல்ல மேலே ஏறி யாருடைய வாசற்படிக்காவது வந்து சேரும்.

இந்த அமைப்பில் ஒரு விளைவு உண்டு: கட்டிய வளையம் இயந்திரத்தின் கூட்டைவிடச் சிறியது, ஆகையால் இயந்திரம் பின்னோக்கி வர முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2013 டிசம்பரில் நின்றுபோன பெர்தா என்ற சுரங்க இயந்திரத்தின் கதை இதற்குச் சான்று. 17.5 மீட்டர் விட்டம் கொண்ட அந்த இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறி நின்றது. முதன்மை பேரிங்கின் சீல்கள் சேதமடைந்திருந்தன. பின்வாங்க வழியில்லாததால், அதன் முன்னால் 120 அடி ஆழத்துக்குத் தனியாக ஒரு கிணறு தோண்டி, இயந்திரம் அதற்குள் தானே வெட்டிக்கொண்டு வரச்செய்து, தலைப்பகுதியைத் தூக்கி மேலே கொண்டுவந்து பழுது பார்த்தார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. 2017 ஏப்ரலில் அது மறுமுனையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

வெட்டுப் பற்கள் தேய்ந்தால் மாற்றவும் மனிதர்கள்தான் முன்னே போக வேண்டும். சென்னையில் கடலோரம் மணலும் களியும், பரங்கிமலைப் பக்கம் கடினப் பாறையும் இருக்கின்றன. இரண்டும் வெட்டுத் தலைக்கு எதிரே ஒரே மண் முகத்தில் கலந்து நிற்கும் இடங்களில், பாறையில் அடிபட்டுப் பற்கள் உடைய, மேலே உள்ள தளர்ந்த மண் சரியப் பார்க்கும். அங்கே அறையின் மண்ணைக் குறைத்து, அழுத்தக் காற்றால் முகத்தைத் தாங்கிக்கொண்டு, பணியாளர்கள் உள்ளே நுழைகிறார்கள். ஆழ்கடல் முக்குளிப்பவரைப் போல, திரும்பும்போது காற்றழுத்தத்தை மெதுவாகக் குறைத்துத்தான் வெளியே வர முடியும். திறப்பு விழாப் படங்களில் இவர்களைக் காண்பது அரிது என்பது என் வருத்தம்.

இரண்டாம் கட்டத்தில் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, காவிரி, பிளமிங்கோ என்று மலை, ஆறு, பறவைகளின் பெயர்களை வைத்தார்கள். எங்கள் பகுதியைக் கடந்த நாட்களில் இரவில் தரையில் காதை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் ஓடுவது போன்ற மெல்லிய அதிர்வு ஒன்று கேட்டது, அது இயந்திரமா பக்கத்து வீட்டு மோட்டாரா என்று பிரித்தறியக் கூடவில்லை. மறுவாரம் அதே பொறியாளர் வந்து, ஏணியில் ஏறி, டார்ச் அடித்துக் கட்டங்களை எண்ணி, நோட்டில் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார். தகட்டைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். கிரவுட் இறுகி மண் அமரும் வரை இன்னும் சில மாதங்கள் இருக்கட்டும் என்றார்.