அச்சிட்ட பிளானட்டரி கியர்பாக்ஸில் பேக்லாஷைக் குறைத்த அனுபவம்

இறுதியாண்டுத் திட்டத்துக்காக நாங்கள் உருவாக்கிவரும் சிறிய ரோபோ கையின் தோள் மூட்டுக்கு, மோட்டாரின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பிளானட்டரி கியர்பாக்ஸ் (நடுவில் சன் கியர், அதைச் சுற்றிப் பிளானட் கியர்கள், வெளியே ரிங் கியர் என அமைந்த பல்சக்கரத் தொகுதி) ஒன்றை வடிவமைத்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையால் அச்சிட்டுள்ளோம்.

பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 1, சன் கியருக்கு 18 பற்கள், மூன்று பிளானட் கியர்களுக்குத் தலா 27, அசையாத ரிங் கியருக்கு 72. ரிங்கின் பற்களைச் சன்னின் பற்களால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் விகிதம் 5 என வருகிறது. சன், ரிங் பற்களின் கூட்டுத்தொகையான 90 மூன்றால் மீதியின்றி வகுபடுவதால், பிளானட்டுகள் சம இடைவெளியில் அமர்கின்றன. சன்னுக்கு 12 பற்கள் போதும் என்ற யோசனையும் எழுந்தது. ஆனால் 20 பாகை அழுத்தக் கோணத்தில் (பற்கள் ஒன்றையொன்று தள்ளும் சாய்வு) 17க்குக் குறைவான பற்கள் வைத்தால், தனியாகத் திருத்தம் செய்யாதவரை, பல்லின் அடிப்பகுதி குடையப்பட்டு மெலிந்துவிடும் என்பதால் அதைக் கைவிட்டோம்.

உண்மையான வேலை பேக்லாஷில், அதாவது பற்களுக்கிடையேயான இடைவெளியால் வரும் ஆட்டத்தைக் குறைப்பதில்தான் இருந்தது. முழுத் தொகுதியையும் அச்சிடும் முன், 22.5 மி.மீ. இடைவெளியில் இரண்டு எஃகு ஊசிகள் பொருத்திய தகட்டில் ஒரு சன்னையும் ஒரு பிளானட்டையும் மட்டும் மாட்டி, பற்களுக்கிடையே 0.3 மி.மீ.யிலிருந்து படிப்படியாக இடைவெளியைக் குறைத்துப் பார்த்தோம். 0.1 மி.மீ.யில் கியர்கள் விரலால் சுற்றவே இறுகின. கழற்றிப் பார்த்தபோது, உராய்ந்து பளபளத்த தடம் பல்லின் முகம் முழுவதும் இல்லாமல், கீழ் விளிம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அச்சுப்பொறியின் தட்டில் அழுந்தும் முதல் அடுக்கு பக்கவாட்டில் பிதுங்குவதுதான் இதற்குக் காரணம். கீழ் விளிம்பை 0.4 மி.மீ. சரிவாகச் செதுக்கி வரைந்து மறுபடி அச்சிட்டதும், அதே 0.1 மி.மீ. இடைவெளியில் கியர்கள் தடையின்றிச் சுழன்றன. இறுகுகிறது என்றவுடன் இடைவெளியைக் கூட்டுவது எளிது. கூட்டிய ஒவ்வொரு துளியும் கையின் நுனியில் ஆட்டமாக வந்து நிற்கும்.

சன்னை அசையாமல் பிடித்து, பிளானட்டுகளைத் தாங்கிச் சுழலும் வெளியீட்டுப் பாகமான கேரியரில் 200 மி.மீ. நீளக் கம்பியைப் பொருத்தி, அதன் முனையில் சிறு அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து அளந்தோம். 0.3 மி.மீ. இடைவெளியில் 2.6 மி.மீ. இருந்த ஆட்டம், 0.1 மி.மீ.யில் 0.9 மி.மீ.யாகக் குறைந்தது. அது ஏறத்தாழ 0.26 பாகை. படிப்படியாகச் சுழலும் எங்கள் ஸ்டெப்பர் மோட்டாரின் 1.8 பாகை கொண்ட ஒரு படி, கியர்பாக்ஸின் வெளியீட்டில் 0.36 பாகையாகிறது. ஆட்டம் ஒரு படிக்கும் குறைவாக இருப்பது எங்களுக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

அடுத்த கவலை வெப்பம். பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். சூடேறும் மோட்டாரின் தண்டில் சன் நேரடியாக அமர்ந்திருக்கிறது. ஆகவே சன்னை மட்டும் அதைவிட அதிக வெப்பம் தாங்கும் பி.இ.டி.ஜி. இழையில் அச்சிட்டு, சுமையோடு தொடர்ந்து ஓட்டிய பின் ஆட்டத்தை மீண்டும் அளக்கவிருக்கிறோம்.