ரைன் ஆற்றுக்கு ஒரு சோதனைச் சாவடி

நெதர்லாந்தில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அங்கே தண்ணீர் என்றாலே அணைக்கரை, வெள்ளம், 1953ல் 1,836 பேரைப் பலிவாங்கிய புயல் என்றுதான் பேச்சு போகும். எனக்கென்னவோ லோபித் மேல்தான் கண்.

ஜெர்மனியிலிருந்து ரைன் உள்ளே நுழையும் எல்லை ஊர் அது. ஆற்று நீரின் மட்டத்தையும் தரத்தையும் அங்கே விடாமல் அளக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 1986 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் பக்கம் ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, அணைக்க அடித்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லியும் ஆற்றில் கலந்தது. ரைன் சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஆம்ஸ்டர்டாம் குடிப்பதும் பெரும்பாலும் இந்த ஆற்று நீரைத்தான். மேலே என்ன கொட்டினார்கள் என்பது கீழே இருப்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தானே குடிநீர் எடுக்கும் மதகை மூட முடியும்?

சரி, வறட்சியில்? டிரீல் என்ற இடத்தில் தடுப்பணை ஷட்டரை இறக்கி, தண்ணீரை ஐசல் ஆற்றுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள், அது வடக்கே பெரிய ஏரிக்குப் போய்ச் சேரும். கோடையில் ஆறு மெலிந்தால் மேற்கே கடல் உப்பு உள்ளே ஏறிவரும், அதனால் உப்பையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பது 1798ல் தொடங்கிய ஒரே அரசுத் துறை, ரெய்க்ஸ்வாட்டர்ஸ்டாட். ராட்டர்டாம் அருகே புயலில் பொங்கும் கடல் நீரைத் தடுக்க அவர்கள் வைத்திருக்கும் ராட்சதக் கதவு, நீர்மட்டம் 3 மீட்டரைத் தாண்டும் என்று கணினி கணித்தால் தானே மூடிக்கொள்ளும். 2023 டிசம்பரில் அப்படித்தான் மூடியது.