மொழிபெயர்ப்பில் விட்டுப்போன கேள்வி

2010 ஜனவரி முழுவதும் என் மேசையில் கத்தரிக்காய்க் கடிதங்கள்தான். பி.டி. கத்தரிக்காய்க்கு, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் புரதம் காய்க்குள்ளேயே உருவாகும்படி ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த கத்தரிக்காய்க்கு, மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு முந்தைய அக்டோபரில் இசைவு தந்திருந்தது. மக்களைக் கேட்டுத்தான் முடிவு என்று அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தினார். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் பக்கம் பெங்களூருதான். காய் பறிப்பை விட்டுவிட்டு யார் போவார்கள்? நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனம் விவசாயிகள் சொல்வதை எழுதி வாங்கி, ஆங்கிலத்தில் அனுப்பியது. மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர் காய் ஒன்றைப் பறித்து அரிவாளால் பிளந்தார். சொத்தைக்குள் இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளிந்தது. "இது தின்றால் சாகிற காயை என் பேரனுக்குக் குழம்பு வைக்கலாமா, கண்ணு?" அந்தப் புரதம் புழுவின் குடலில்தான் வேலை செய்யும், மனிதக் குடலில் செய்யாது என்று ஆய்வாளர்கள் சொல்வதைச் சொன்னேன். "எத்தனை நாள் தின்னக் கொடுத்துப் பார்த்தார்கள்?" என்றார். எலிகளுக்கு 90 நாள். பல விஞ்ஞானிகளும் அந்த 90 நாள் போதாது என்றுதான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் எழுதியதோ, 'உணவுப் பாதுகாப்பு குறித்து ஐயம் தெரிவித்தார்' என்ற ஒற்றை வரி. அவருடைய கேள்வியே அதில் இல்லை.

இன்னொருவர் பி.டி. விதை வேண்டும் என்றார். வாரம் இரண்டு முறை மருந்தடித்து உள்ளங்கை தோலுரிந்திருந்தது, விரித்துக் காட்டினார். அவர் சொன்னதை அனுப்பினால் பி.டி.யை எதிர்க்கும் நம் பக்கம் பலவீனமாகும் என்றார்கள் அலுவலகத்தில். நானும் மறுத்துப் பேசாமல் இழுப்பறையில் வைத்தேன். பிப்ரவரி 9 அன்று அமைச்சர் பி.டி. கத்தரிக்காயை நிறுத்திவைத்தார். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கையை மறைத்தது சரியல்ல. அவருடைய வலிக்கு வேறு வழி என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

2016இல் மரபணு மாற்றக் கடுகுக்குக் கருத்துக் கேட்டார்கள். 30 நாள் அவகாசம். இணையத்தில் ஆங்கிலச் சுருக்கம் மட்டும். முழு ஆவணத்தைப் பார்க்கத் தில்லிக்குப் போக வேண்டும். இந்த முறை யார் பேச்சையும் நான் சுருக்கவில்லை. வேண்டாம் என்றவர்கள், வேண்டும் என்றவர்கள் எல்லாருடைய சொற்களையும் தமிழில் அப்படியே மேலே எழுதி, மொழிபெயர்ப்பைக் கீழே சேர்த்தேன்.